ஏழாம் பண்ணையின் ரத்தம்

ஏழாவது குழாயிலும் அதே பசுவின் ரத்தம்தான் ஏறிக்கொண்டிருந்தது.

"இன்னும் எத்தனை சார்? அது உடம்புலயும் கொஞ்சம் மிச்சம் வைங்க" என்று சிரித்தார் பண்ணைக்காரர்.

"அஞ்சே அஞ்சு. இப்படி ஒரு சாது வேற எங்கே கிடைக்கும்?" என்றார் ஊசி பிடித்திருந்தவர்.

பன்னிரண்டு பண்ணைகளுக்குப் போய், பன்னிரண்டு மாடுகளிடம் எடுக்க வேண்டிய ரத்தம். மாட்டையும் மானையும் தாக்கும் ஒரு வைரஸ், கடிக்கும் சின்னப் பூச்சிகள் வழியே காட்டிலிருந்து எப்போது இறங்கி வருகிறது என்று கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி. பதினைந்து நாளைக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. பண்ணைகளில் அவருக்கு 'ஊசிக்காரர்' என்றுதான் பெயர்.

சோம்பேறி என்று அவரைச் சொல்லிவிட முடியாது. மனைவி இறந்து இரண்டு வருஷம். வீட்டில் அவருக்குத் துணை டிவி மட்டும்தான். அதுவும் அவர் சொல்வதைக் கேட்காது. மற்ற பண்ணைகளில் கேட்டைத் திறப்பதற்குள் "சட்டுனு முடிச்சிட்டுக் கிளம்புங்க" என்பார்கள். இந்த முதல் பண்ணையில்தான் நாற்காலி போடுவார்கள். டீ வரும். பேச்சு வரும். ஒரு நாள் பேச்சு நீண்டு நேரம் போய்விட, மீதிக் குழாய்களை இங்கேயே நிரப்பினார். யாரும் கண்டுபிடிக்கவில்லை. மூன்று மாதமாக அதுவே பழக்கமாகிவிட்டது.

கைபேசி அடித்தது. ஆராய்ச்சிக்கூடத்துத் தலைவி.

"அண்ணே, காட்டோரம் நாலு மான் செத்துக் கிடக்குதாம். நம்ம வைரஸ் மாதிரிதான் தெரியுது. ஆனா அதை ஒட்டின ஏழாம் பண்ணை ரத்தம் சுத்தமா இருக்கே! எனக்கு மண்டை காயுது. ஒரு எட்டு நேர்ல போய்ப் பாருங்களேன்."

"இ... இப்பவே போறேன் மேடம்."

பாதை முழுக்கப் பள்ளம். பைக் குலுங்கியது.

ஏழாம் பண்ணைத் தொழுவத்தில் ஆறு மாடு கட்ட இடம். நான்கு காலி. ஐந்தாவதில் ஒரு பசு, வீங்கிய நாக்கு வெளியே தொங்க, எச்சில் வடிய, எழ முடியாமல் கிடந்தது. ஆறாவதில் ஒரு சினைப்பசு, நல்லவேளையாக நின்றுகொண்டிருந்தது. ஈரத் துணியோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளைத் தவிர அங்கே மனித வாடையே இல்லை.

"வாங்கண்ணே. இன்னைக்காவது கண்ணுல பட்டீங்களே! நீங்க வர்ற நாள்னா மாட்டைக் கழுவிக் கட்டிட்டு வாசலையே பார்த்துட்டிருப்பேன். ஊசி குத்த வந்தாலும் ஒரு மனுஷ முகமாச்சே!"

பேச ஆள் தேடி அவர் முதல் பண்ணையில் டீ குடித்த நாளெல்லாம், இங்கே ஒருத்தி அவருக்காகக் காத்திருந்திருக்கிறாள்.

"டாக்டரைக் கூப்பிடலையாம்மா?"

"முதல் மாடு தீனி எடுக்காதப்பவே போனை எடுத்தேன். ஆனா உங்க ஆராய்ச்சிக்கூடத்து ரிசல்ட் சீட்டு தவறாம வந்துச்சே, 'நோய் இல்லை'ன்னு! நான் குளத்துப் பக்கம் போனப்ப வந்து எடுத்திருப்பீங்கன்னு நினைச்சேன். படிச்சவங்க பொய்யாவா எழுதுவாங்க? பூச்சி மொய்க்கிற சாயந்திரத்துலயும் அந்தக் குளத்தோரமே மேய விட்டேன்."

இன்று ரத்தம் எடுத்துக் கொடுத்தால் போதும். 'ஏழாம் பண்ணைக்கு மட்டும் இப்போதுதான் வந்திருக்கிறது' என்று முடித்துவிடுவார்கள். அவர் தப்பிவிடலாம். ஆனால் மற்ற பத்துப் பண்ணைகளும் அதே பொய்ச் சீட்டை நம்பி இன்று சாயந்திரமும் மாடுகளை வெளியே விடும்.

அவள் எதிரிலேயே போன் போட்டார்.

"மேடம், மூணு மாசமா பன்னெண்டு குழாயும் ஒரே மாட்டு ரத்தம். நான்தான் ஏமாத்தினேன். என்னை அப்புறம் என்ன வேணா பண்ணுங்க. முதல்ல எல்லாப் பண்ணைக்கும் சொல்லுங்க, மாட்டை உள்ளே கட்டி பூச்சி வலை போடட்டும்."

"சரி. ஊசிப் பையை ஆபீஸ்ல ஒப்படைச்சிடுங்க சார்" என்றது குரல். 'அண்ணே' போயிருந்தது.

அவள் எழுந்து சினைப்பசுவைத் தொழுவத்தின் உள்மூலைக்கு இழுத்தாள்.

"வலை நான் கட்டித் தர்றேம்மா."

"வேண்டாம்." திரும்பாமலே சொன்னாள். "வர முடியலைன்னா 'பார்க்கலை'ன்னு எழுதியிருக்கலாமே. நான் உஷாரா இருந்திருப்பேன். பார்க்காமலே 'இல்லை'ன்னு எழுதினீங்க பாருங்க, அதை நம்பித்தான் என் மாடு நாலும் செத்துச்சு. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதறவங்க, ஊரையே கண்ணைக் கட்டி நடக்க விடறாங்க."

அவர் ஊசிப் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"போறப்ப கேட்டைச் சாத்திட்டுப் போங்க."