மேகத்தை முதலில் பார்த்தவன்

சாவு வீட்டில் ஒருவன் அழுவதைப் பார்த்துக்கொண்டே, இவன் எதற்காக அழுகிறான் என்று நீங்கள் எப்போதாவது யோசித்ததுண்டா? அமராவதி யோசித்துக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டிருந்தவன் அவள் கூடப்பிறந்த தம்பி பாலகுரு. ஃப்ரீசர் பெட்டிக்குள் கிடந்தது அவளுடைய மூத்த மகள் கலைமதி. பதினோரு வயது.

அமராவதி அழவில்லை. பெட்டியின் கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்தாள்.

"ஏம்பா, இது ஓடுதா?" என்று பெட்டி கொண்டுவந்த ஆளைக் கேட்டாள்.

"ஓடுதுக்கா. சத்தம் கேக்குது பாருங்க."

"சத்தம் கேட்டா போதுமா? உள்ள ஜில்லுன்னு இருக்கணும்ல?"

அந்த ஆள் பிளக்கை ஒருமுறை அழுத்திவிட்டு வெளியே போனான். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளை போன துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அவள் புத்தி தெளிவாகத்தான் இருந்தது. குளிரில் வைத்திருக்கிறோம் என்று யார் சொன்னாலும் அவளால் நம்ப முடியவில்லை, அவ்வளவுதான்.

கலைமதிக்குத் தலசீமியா. மாதாமாதம் மரக்காணத்திலிருந்து புதுச்சேரிக்குப் போய் ரத்தம் ஏற்றிக்கொண்டு வருவாள். சின்னவள் பிறந்த சமயத்தில், சென்னையில் தொப்புள்கொடி ரத்தம் சேமிக்கும் தனியார் பேங்க் ஒன்றில் பாலகுருவுக்கு ஏஜென்ட் வேலை.

"தங்கச்சியோட தொப்புள்கொடி ரத்தம் பெரியவளுக்குச் சேர்ந்துச்சுன்னா, அத ஏத்தியே நோயத் தீத்துடலாம்க்கா. குப்பைக்குப் போறதத்தான எடுத்து வெக்கிறோம்" என்றான்.

டெஸ்ட் பண்ணியதில் சேர்ந்தது. டாக்டரும் ஆமாம் என்றார். கலைமதி கொஞ்சம் தேறட்டும், பிறகு ஏற்றலாம் என்று தள்ளிக்கொண்டே போனது. ஊசிக்குக் கையை நீட்டும்போதெல்லாம் அவள் நர்சிடம் சொல்லுவாள், "என்னோட ரத்தம் மெட்ராஸ்ல ஐஸ்ல தூங்குது. அது வந்துட்டா உங்க ஊசி வேணாம்."

போன தை மாதம் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் அந்த பேங்குக்குள் போய்ப் பார்த்தார்கள். டேங்கில் குளிருக்காக ஊற்றும் நைட்ரஜன் குறைந்து, ரத்தப் பைகள் உருகி மறுபடி உறைந்திருந்தன. பேங்குக்குச் சீல் வைத்ததை டிவியில் காட்டினார்கள். கலைமதிக்கு வைத்திருந்த பையைச் சோதித்தபோது அதில் உயிர் இல்லை. சின்னவளின் எலும்பு மஜ்ஜையை எடுத்துக் கலைமதிக்கு ஏற்றலாம், சின்னவளுக்கு இன்னும் கொஞ்சம் எடை ஏறட்டும் என்றார் டாக்டர். எடை ஏறுவதற்குள் கலைமதிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

"யாருக்குமே தெரியலக்கா. எங்களையும் சேத்து ஏமாத்திட்டானுங்க" என்று பாலகுரு அப்போது தலையில் அடித்துக்கொண்டான். அமராவதி நம்பினாள்.

இன்று காலை வரைக்கும் நம்பினாள். முகம் கழுவப் பின்பக்கம் போனவள், தண்ணீர் டேங்குக்கு அந்தப் பக்கம் பாலகுருவின் பெண்டாட்டி விஜயலட்சுமி யாரிடமோ மெதுவாகப் பேசுவதைக் கேட்டாள்.

"எங்க பாப்பாவோட ரத்தப் பைய அவரு போன ஆடியிலயே வேற பேங்க்குக்கு மாத்திட்டாரு. சாமி புண்ணியம்."

அமராவதி கையிலிருந்த சொம்பைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். தையில் சீல் வைத்தார்கள். ஆடி அதற்கு முன்னால். அரை வருஷம் முன்னால். அப்போதே தெரிந்திருந்தால் டாக்டர் அந்தப் பையை நம்பி உட்கார்ந்திருக்க மாட்டார். வேறு வழி பார்த்திருப்பார்.

வெளியே ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. மருந்து ஆய்வாளர் மேரிசெல்வி. பேங்க் விஷயமாக வாக்குமூலம் வாங்க அன்றைக்கு வருவதாக முன்னமே சொல்லியிருந்தார். பந்தலைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றுவிட்டார்.

"தெரியாதுங்கம்மா. தெரிஞ்சிருந்தா இன்னிக்கு வந்திருக்க மாட்டேன்."

"கேக்க வந்ததக் கேளுங்க மேடம்" என்றாள் அமராவதி.

அவர் கொஞ்சம் தயங்கினார். "நாங்க போய்ப் பாக்கறதுக்கு முன்னாடியே டேங்க் கெட்டது பேங்க்காரங்களுக்குத் தெரியுமா? அதாம்மா கேள்வி. அங்க வேல பாத்தவங்க ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க. தெரிஞ்சே மறைச்சாங்கன்னு ஆனா கேஸ் நிக்கும். இல்லன்னா மெஷின் கோளாறுன்னு சொல்லிட்டு மறுபடி தொறந்துடுவாங்க."

அமராவதி உள்ளே திரும்பிப் பார்த்தாள். பாலகுரு துண்டால் முகத்தைத் துடைத்தபடி இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு எங்க இருப்பீங்க?"

"விழுப்புரம் ஆபீஸ்ல."

கார் போன பிறகு, விஜயலட்சுமி பேசியதைத் தன் கணவன் அப்பாவுவிடம் சொன்னாள்.

"இன்னிக்கு வேணாம். தாய்மாமன் கோடித்துணி போடாம பொண்ணத் தூக்க முடியாது. கோச்சிக்கினு போயிட்டான்னா?"

"போமாட்டான்" என்றாள். தம்பியைக் கையசைத்துப் பின்பக்கம் கூப்பிட்டாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் உப்புப் பாத்திகள் வெயிலில் கண்ணைக் கூசச் செய்தன. வரப்பு மேல் உப்புக் குவியல்கள்.

"உம் பொண்ணோடத ஏன்டா மாத்துன?"

"யாரு சொன்னது?"

"ஏன் மாத்துனன்னு சொல்லு."

"வேற பேங்க்ல ஆஃபர் குடுத்தாங்கக்கா."

"ஆடித் தள்ளுபடியா? பொடவக் கடையாடா அது?"

அவன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "டேங்க்ல என்னமோ கொறையுதுன்னு பேசிக்கினாங்க. உறுதியாத் தெரியாதுக்கா. வெளிய சொன்னா வேல போயிடும்னாங்க. சரி பண்ணிடுவாங்கன்னு நெனச்சேன்."

"உம் பொண்ணோடதுக்கு மட்டும் அப்பிடி நெனைக்கல."

அந்தப் பக்கத்து உப்பளங்களில் ஒரு வழக்கம் உண்டு. கோடையில் கடல் பக்கம் மேகம் கருத்தால், முதலில் பார்த்தவர் தகரத்தைத் தட்ட வேண்டும். தட்டி எல்லாரையும் எழுப்பிவிட்ட பிறகுதான் தன் குவியலுக்குத் தார்ப்பாய் போட வேண்டும். ஒரு வருஷம் அவர்களுடைய அப்பா சேட்டு தகரத்தைத் தட்டிக்கொண்டு கடைசிப் பாத்தி வரைக்கும் ஓடித் திரும்புவதற்குள் அவர் குவியலில் பாதி கரைந்துவிட்டது. அன்று அவர் பின்னால் பவுடர் டப்பாவைக் குச்சியால் தட்டிக்கொண்டு ஓடியவன் பாலகுரு.

"தகரம் தட்டலையேடா" என்றாள் அமராவதி.

அவன் கம்பியை விட்டுவிட்டு உள்ளே போனான்.

வெயில் தாழ்ந்து தூக்கும் நேரம் வந்தது. பாலகுரு ரோஸ் நிறப் பட்டுப்பாவாடையைப் பிளாஸ்டிக் கவரோடு பிடித்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் வராமல் நின்றான். பெண்கள் அமராவதியின் முகத்தைப் பார்த்தார்கள். அப்பாவுவும் பார்த்தான்.

"போடு" என்றாள். "அவளுக்கு மாமன் நீதான்."

பெட்டியைத் திறந்தார்கள். அவன் பாவாடையைப் போர்த்தினான். மடிப்பு சரியாக விழவில்லை. அமராவதி குனிந்து அதை இழுத்துவிட்டாள். மகளின் கையைத் தொட்டாள். ஜில்லென்றுதான் இருந்தது.

மறுநாள் காலை இடுகாட்டில் பால் தெளித்துவிட்டு வந்ததும், சின்னவளை அப்பாவுவிடம் விட்டுவிட்டு அமராவதி விழுப்புரத்துக்கு பஸ் ஏறினாள். டேங்க் கெட்டது முன்னமே தெரிந்தவனின் பெயரை மேரிசெல்வி கேட்டார். பாலகுரு என்றாள். அப்பா பெயர் கேட்டார். சேட்டு என்றாள்.