மூன்றாம் ஊர் சோலோ

பீரங்கி என்று பட்டப்பெயர் வைத்ததே கிண்டலுக்குத்தான். பதினெட்டு பேர் கொண்ட அந்த ஜாஸ் குழுவில் அவர் இருபத்திரண்டு வருடமாக மூன்றாவது டிரம்பெட், கூட்டத்தோடு கோவிந்தா. அவர் ஊதியது தனியாக யார் காதிலும் விழுந்ததில்லை.

இந்தச் சுற்றுப்பயணத்தில் ஐந்து ஊர்க் கச்சேரிகளையும் பதிவு செய்து ஒரே ஆல்பமாகப் போட ஏற்பாடு. மூன்றாவது ஊரில் முதல் டிரம்பெட்காரருக்குக் காய்ச்சல் வர, கடைசிப் பாட்டில் தனியாக வாசிக்கும் சோலோ பீரங்கிக்கு வந்தது. மனுஷன் தன்னை மறந்து வாசித்தார். உச்சத்தில் பிடித்த கடைசிச் சுரத்தில் மேலுதட்டுத் தசை கிழிந்தது. இனி ஊதவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆக, அவருக்கென்று மிஞ்சியது அந்த ஒரு பதிவுதான். அதையும் ஆல்பத்திலிருந்து தூக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, வீங்கிய உதட்டோடு ஒலிப்பதிவுக்கூடத்துக்கு ஓடினார். குழுத்தலைவர் அங்கேதான் இருந்தார். பீரங்கியின் அக்கா புருஷன்.

"அத்தான், என் சோலோவை எடுத்துட்டீங்களாமே?"

"எல்லாரும் சேர்ந்து வாசிக்கிற கடைசி அடிக்கு, நீ முடிக்கிறதுக்கு முன்னாடியே நான் கையைத் தூக்கிட்டேன்டா. பாதிப்பேர் உள்ள வந்துட்டாங்க, பாதிப்பேர் வரல. ஒரே கந்தரகோளம். வெளிய வந்தா என் மானம் போயிடும்."

தப்பு அவருடையது, தண்டனை இவருக்கு. நியாயம் என்றைக்கு வேறு மாதிரி நடந்திருக்கிறது?

பீரங்கி ஒலிப்பதிவாளரிடம் திரும்பினார். "அந்த இடத்தை மட்டும் வெட்டிடுங்க தம்பி."

"உங்க சுரத்து மேலயே அவங்க ஏறியிருக்காங்கண்ணே. பிரிக்க முடியாது."

அத்தானின் காலில் விழுவதுதான் பாக்கி. விழுந்தும் விட்டார். "எனக்கு வேற எதுவும் கிடையாது அத்தான். நான்தான் தப்பா வாசிச்சேன்னு ஆல்பம் அட்டையில போட்டுக்கங்க."

அத்தானுக்குக் கண் கலங்கியது. மனம் மட்டும் அசையவில்லை. "எந்திரிடா. காய்ச்சல் தேறி வந்து அஞ்சாவது ஊர்ல அவன் வாசிச்சதுதான் ஆல்பத்துல போகுது."

என்ன செய்வதென்று தெரியாமல் ஒலிப்பதிவாளர் அந்தப் பாட்டை ஓட்டினார். முதல் டிரம்பெட்காரரின் சோலோ, பிசிறில்லாத வாசிப்பு. முடிந்ததும் கைத்தட்டல் கூரையைப் பிய்த்தது.

"அஞ்சாவது ஊர்ல பாதி நாற்காலி காலியாத்தானே இருந்துச்சு?" என்றார் பீரங்கி.

ஒலிப்பதிவாளர் தலையைக் குனிந்துகொண்டார். "இந்தக் கைத்தட்டல் உங்களுக்கு விழுந்ததுண்ணே. அங்க உப்புச்சப்பில்லாம இருந்துச்சுன்னு மூணாவது ஊர்லேர்ந்து எடுத்து ஒட்டினோம்."

கத்தப்போகிறார் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவர் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து காதைக் கொடுத்தார். கைத்தட்டல் மெல்லத் தேய்ந்து நின்றது.

"தம்பி, அதையாவது முழுசா விடுங்க," என்றார், உதடு ஒத்துழைக்காமல். "பாதியில வெட்டாதீங்க."