பட்டையோடு அடுக்கிய கட்டைகள்

வெட்டுவதா, ஊசி போடுவதா என்று அக்காவும் தம்பியும் ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை போட்டார்கள். அப்பா விட்டுப்போன காடு ஒன்றுதான். நடுவில் வாய்க்கால், இந்தப் பக்கம் தம்பிக்கு, அந்தப் பக்கம் அக்காவுக்கு. எந்தச் சரக்குக் கப்பலில் வந்து இறங்கியதோ, பச்சை வண்டு தம்பி பக்கம்தான் முதலில் குடியேறியது. வண்டு நகத்தளவுதான். ஆனால் அதன் புழு பட்டைக்கு அடியில் தின்றுகொண்டே போனால் மரம் காலி. அட, யானையைக்கூட விரட்டிவிடலாம், இதை என்ன செய்வது!

"மொத்தத்தையும் வெட்டிடணும்க்கா. உன் பக்கமும் சேத்துத்தான்."

"காய்ச்சல் வந்தா மருந்து குடுப்பாங்களா, கழுத்தை அறுப்பாங்களாடா? உன் காட்டை நீ வெட்டிக்கோ. என் மரத்துல கை வச்சே, மனுஷியா இருக்கமாட்டேன்."

சொன்னபடியே தன்னுடைய நாற்பத்திரண்டு மரத்துக்கும் அடியில் துளை போட்டு, முட்டிவலியோடு மண்டியிட்டு, ஒவ்வொன்றாக மருந்து ஏற்றினாள். நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள், ஊசி அவளுக்குப் புதிதல்ல.

தம்பி தன் பக்கத்தை மொட்டையடித்தான். வனத்துறைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார்: "வெட்டின கையோட பட்டையை உரிச்சு எரிச்சிடுங்க. வெயில் ஏறினா உள்ள இருக்கறதெல்லாம் வண்டாகிப் பறந்துடும்."

தம்பி தலையை ஆட்டினான். ஆனால் அவன் கதவு, ஜன்னல் செய்கிற தச்சன். பச்சைக் கட்டையை உரித்து வெயிலில் போட்டால் வெடிக்கும் என்பது அவன் ரத்தத்தில் ஊறிய பாடம். நல்ல கட்டையாகப் பார்த்துப் பன்னிரண்டை மட்டும் பட்டையோடு வைத்துக்கொண்டான். அவன் பக்கம்தான் நிழலே இல்லையே! வாய்க்காலைத் தாண்டி, அக்காவின் மரங்களுக்கு அடியில் கொண்டுபோய் அடுக்கினான். பத்து நாளில் பட்டறைக்கு எடுத்துவிடலாம் என்றிருந்தான். பத்து நாள் நாலு மாதமானது, வெயிலும் ஏறிவிட்டது. புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ, பாவி!

அடுத்த கோடையில் அக்கா போன் செய்தாள். "மோட்டார் ரம்பத்தை எடுத்துட்டு வா."

உச்சிக் கிளைகள் காய்ந்திருந்தன. அடிமரத்தில் மிளகளவு ஓட்டைகள், அவள் ஊசி போட்ட தழும்புக்குப் பக்கத்திலேயே. ஒன்றிரண்டு வண்டை அந்த மருந்து தாங்கும். கூட்டமாக வந்தால் எந்த மருந்து தாங்கும்? கட்டைகள் கிடந்த இடத்தைச் சுற்றியிருந்த மரங்கள்தான் முதலில் போயிருந்தன. தம்பி ரம்பத்தைக் கீழே வைத்தான்.

"அக்கா, என் கட்டையிலேருந்துதான் வந்திருக்கு. நான் பட்டையை உரிக்கல."

"தெரியும்டா. நீ அடுக்கும்போது ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"அப்பவே திட்டியிருக்கலாமேக்கா!"

"மரத்தைப் பத்தி உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுதுன்னு பேசாம இருந்துட்டேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் காலில் விழுந்திருப்பான். முந்தானையால் ஒரு மரத்தின் தழும்பைத் துடைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

"இதுலேருந்து ஆரம்பி."

மற்ற நாளில் பத்துத் தரம் கயிற்றை இழுத்தால்தான் கிளம்புகிற ரம்பம். இன்றும் மக்கர் செய்யட்டும் என்று வேண்டிக்கொண்டே இழுத்தான். ஒரே இழுப்பில் கிளம்பிவிட்டது.