ஏழாவது மார்க்

சின்ன டாக்டர் வயதில்தான் சின்னவள், வாயில் அல்ல. அன்று மத்தியானம் அவள் கையில் இருந்தது ஆறு மார்க். வேண்டியதோ ஏழு.

அவசரப் பிரிவின் மூன்றாவது கட்டிலில் ஒரு தையல்காரர் முழங்காலை மடக்கிச் சுருண்டு கிடந்தார். குடல்வால் வீங்கியிருக்கிறது என்று அவளுக்குச் சந்தேகம். ஸ்கேன் மெஷின் மூன்று நாளாகப் படுத்த படுக்கை. இப்படிப்பட்ட வேளைக்கு டாக்டர்களிடம் ஒரு கணக்கு உண்டு. எட்டு அறிகுறி, பத்து மார்க். ஏழு வந்தால் வயிற்றைத் திறக்கலாம். ஆறு என்றால் காத்திருந்து பார்க்க வேண்டும்.

காத்திருக்கத்தான் நேரமில்லை. பெரிய சர்ஜன் மூன்று மணிக்கு வெளியூர் கிளம்புகிறார். அவர் போய்விட்டால் மறுநாள் காலைவரை கத்தி பிடிக்க ஆளில்லை. அதற்குள் குடல்வால் வெடித்தால் தையல்காரரின் கதி அதோகதி. ஆனால் மனுஷரைச் சும்மா கூப்பிட முடியுமா? போன மாதம் இவள் அவசரப்பட்டு ஒரு கேஸுக்குக் கூப்பிட, திறந்து பார்த்தால் குடல்வால் பச்சைக் குழந்தை போலச் சமர்த்தாக இருந்தது. நர்ஸுகள் முன்னால் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்.

"ஏழுக்குக் கீழ இருந்தா என்னைத் தேடியே வராதே!"

கடிகாரம் இரண்டரையைத் தாண்டியது. அவள் மறுபடி கூட்டினாள். தொப்புளில் தொடங்கிய வலி வலப்பக்கம் இறங்கியது, ஒன்று. குமட்டல், ஒன்று. வலது அடிவயிற்றைத் தொட்டால் துள்ளுகிறார், இரண்டு. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் எகிறியிருந்தன, இரண்டு. மற்றதெல்லாம் பூஜ்யம். எப்படிக் கூட்டினாலும் அதே பாழாய்ப்போன ஆறு!

பசி செத்திருந்தால் இன்னொரு மார்க் கிடைக்கும். வந்தவுடனேயே அதையும் கேட்டாயிற்று.

"சாப்பிட்டீங்களாண்ணே?"

"ஆச்சு டாக்டரம்மா. நீங்க சாப்பிட்டாச்சா?"

வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு உபசாரம் வேறு!

அவள் ஆறோடு விழித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துத் தையல்காரரின் மனைவி, கடையைப் பூட்டிவிட்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். பையிலிருந்து இரண்டு டப்பாக்களை எடுத்துக் கட்டிலோரம் 'ணங்'கென்று வைத்தாள்.

"பாருங்க டாக்டர்! நேத்துக் கட்டிக்கொடுத்தது அப்படியே இருக்கு. இன்னிக்குக் கட்டினதும் அப்படியே இருக்கு. மூடியைக்கூடத் திறக்கலை இந்த மகராசன்!"

சின்ன டாக்டர் சட்டென்று திரும்பினாள். "அப்புறம் ஏண்ணே ஆச்சுன்னு சொன்னீங்க?"

"யாராவது கேட்டா ஆச்சுன்னுதானேம்மா சொல்லணும்?"

அடப்பாவி மனுஷா! மரியாதைக்காக உயிரையே கொடுத்துவிடுவார் போலிருக்கிறது.

"மரியாதையைத் தூக்கி ஓரமா வைங்க. சாப்பாட்டை நினைச்சா எப்படி இருக்கு?"

"ஐயோ, அந்தப் பேச்சையே எடுக்காதீங்க. நேத்துலேருந்து அதைப் பார்க்கவே பிடிக்கலை."

பூஜ்யத்தை அடித்துவிட்டு ஒன்று போட்டாள். படிகளில் தாவி இறங்கி ஓடினாள். சர்ஜன் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"சார்! ஏழு!"

"இப்பத்தான் ஆறுன்னு நர்ஸ் சொன்னாங்க?"

"ஒண்ணு கூடிடுச்சு சார்."

"எங்கிருந்து?"

"சாப்பாட்டு டப்பாவிலேருந்து."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "டப்பாவை நம்பி ஒருத்தர் வயித்தைக் கிழிக்கச் சொல்றியா?"

அவள் இம்மியும் அசையவில்லை. "ஆமா சார். கிழிங்க."

முணுமுணுத்துக்கொண்டே வந்தார், தானும் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். தையல்காரர் போட்ட கூச்சலில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "தியேட்டருக்குத் தள்ளுங்க" என்றார் சர்ஜன்.

திறந்தார்கள். கட்டைவிரல் பருமனுக்கு வீங்கி, சிவந்து, நுனி கறுத்துக் கிடந்தது குடல்வால். வெடிக்கவில்லை!

"விடியறவரைக்கும் தாங்கியிருக்காது" என்றார் சர்ஜன். வெட்டி எடுத்துத் தட்டில் போட்டார். ஊசியைப் பிடித்த இடுக்கியை அவளிடம் நீட்டினார். "நீ கண்டுபிடிச்ச கேஸ். நீயே தைச்சு மூடு."

நிதானமாகத் தைத்து மூடினாள். முடித்துவிட்டு வராந்தாவுக்கு ஓடினாள்.

"வெடிக்கறதுக்குள்ள எடுத்துட்டோம்க்கா! நாளைக்கே நடக்க வெச்சிடுவோம்."

தையல்காரரின் மனைவி அவளை இறுகக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். சின்ன டாக்டரும் வெட்கம் பார்க்காமல் அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். தான் சொன்னது சரி, ஓர் ஆள் பிழைத்துவிட்டார். இவ்வளவு சந்தோஷத்தை அவள் அதுவரை அறிந்ததில்லை.