எல்லா நாற்காலியிலும் மகேஸ்வரி

பொன்னழகு புதிதாக எதை வாங்கினாலும் முதலில் அவன் அக்கா மகேஸ்வரிதான் அதில் உட்கார வேண்டும். பூக்கடை நாற்காலி, டெம்போ, மாமியாருக்கு வாங்கிக் கொடுத்த ஊஞ்சல், எல்லாம் அப்படித்தான். அக்காவின் ராசி அப்படி என்று அவனே முடிவு கட்டியிருந்தான்.

இப்போது திண்டுக்கல் பைபாஸில் ஐந்து மாடி நட்சத்திர ஓட்டல் கட்டிவிட்டான். மகேஸ்வரியோ மாசியில் கணவனைப் பறிகொடுத்தவள். திறப்பு விழாவைச் சமையல்கட்டில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் வந்திருந்தாள்.

"நல்ல காரியத்துல இவ எதுக்குடா முன்னால?" என்றாள் சித்தி சிவனம்மாள், அவள் காதில் விழும்படியே. "நான் உக்கார்றேன். எனக்கு மூட்டுவலியும் இருக்கு."

"செத்த சும்மா இரு சித்தி. அக்கா, மேல இருந்து ஆரம்பி. கட்டில்னா உக்காந்தா போதாது, படுக்கணும்."

மகேஸ்வரிக்கு உடம்பு கூசியது. சித்தி சொன்னதுதான் ஊரே சொல்லும் என்று தோன்றியது.

ஓட்டலின் உள் அலங்காரம் முழுக்க ஜெஸ்ஸியின் பொறுப்பு. ஐந்தாம் மாடியில் மெத்தையின் பிளாஸ்டிக் உறையை உரித்துக்கொண்டே, "கீழ அம்புட்டு சோபா இருக்குக்கா. கொஞ்சம் வெரசா படுத்து எந்திரிங்க" என்றாள்.

கட்டில் ஒரு களத்துமேடு அகலம். மகேஸ்வரி விளிம்பில் ஒட்டிப் படுத்தாள். மெத்தை அவளை மெதுவாக உள்ளே வாங்கிக்கொண்டது. எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். மாசியிலிருந்து வராத தூக்கம் அப்போது பார்த்து வந்தது.

யாரோ காலைத் தொட்டார்கள். ஜெஸ்ஸி. ஜன்னலுக்கு வெளியே மலைக்கோட்டை மேல் சாயங்கால வெயில்.

"ஏம்மா, எல்லாரும் போய்ட்டாகளா? சித்தி உக்காந்து முடிச்சுருச்சா?"

"எங்க உக்கார்றது அக்கா? அண்ணன் ஒருத்தரையும் உக்கார விடல. உங்கள எழுப்பவும் விடல, அக்கா தூங்குறதும் ராசிதான்னுட்டாரு. நான் அவருக்குத் தெரியாம வந்துருக்கேன். கீழ வந்து பாருங்க."

லிஃப்ட் திறந்தது. கூடம் நிறைய சோபாக்கள், எல்லாம் காலி. அவற்றைச் சுற்றி ஊரே நின்றுகொண்டிருந்தது. கோட்டுப் போட்ட வங்கி மேலாளர் பிரியாணித் தட்டை நெஞ்சோடு அணைத்தபடி, கால் மாற்றி மாற்றி நின்றார். சிவனம்மாள் தூணைக் கட்டிப் பிடித்திருந்தாள்.

"வந்துட்டியா ஆத்தா" என்றாள் சித்தி. "உக்காருடி. உனக்குப் புண்ணியமாப் போகும்."

பொன்னழகு, "நல்லாத் தூங்குனியாக்கா?" என்று மட்டும் கேட்டான்.

மகேஸ்வரி முந்தானையைச் சரிசெய்துகொண்டு கூடத்தின் நடுவே வந்தாள். முதல் சோபாவில் உட்கார்ந்தாள், எழுந்தாள். அந்த இடத்தில் மேலாளர் தொப்பென்று விழுந்தார். அடுத்ததில் உட்கார்ந்தாள், எழுந்தாள். அவள் போகும் வழியெல்லாம் ஆட்கள் சரிந்து உட்கார்ந்தார்கள்.

தூணருகே இருந்த சோபா வந்தது. சித்தி பாதி உட்கார்ந்த வாக்கில் தயாராக நின்றாள். மகேஸ்வரி அதைப் பார்த்தாள். பிறகு அதைத் தாண்டி, கூடத்தின் அந்தக் கோடியை நோக்கி நிதானமாக நடந்தாள்.