சிவப்பு அட்டைக்காரி

செத்துப்போகத்தான் எல்லாரும் அடித்துக்கொண்டார்கள்.

கோலாலம்பூரிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய மருத்துவ மாணவர்களுக்கு அன்று அவசர சிகிச்சைப் பயிற்சி. மலையில் ரிங்லெட் ஊருக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் லோரி கவிழ்ந்து பலருக்கும் அடி என்று பாவனை. அடிபட்டவர்களாகப் படுக்கத் தோட்டத்து ஆட்களைப் பிடித்திருந்தார்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஆளுக்கோர் அட்டை. அவரவர் கேடு அதில் எழுதியிருக்கும். கறுப்பு அட்டை என்றால் பிணம். பிணத்துக்கு ஒரு வேலையும் இல்லை, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் புல்லில் படுத்துத் தூங்கலாம். கங்காணி சாம்பசிவம் பதவியைக் காட்டி முதல் கறுப்பு அட்டையைப் பிடுங்கிக்கொண்டு, நிழல் பார்த்துச் செத்தார்.

குணவதிக்குக் கிடைத்தது பச்சை. கணுக்கால் சுளுக்கு.

அவளுக்கு வேண்டியதோ சிவப்பு, உயிருக்கு ஆபத்து என்று டாக்டர்கள் முதலில் ஓடிவந்து பார்க்கிற அட்டை. மழைக்காலம் முடிந்ததிலிருந்தே, கொழுந்து மூட்டையோடு மேடு ஏறினால் யாரோ நெஞ்சில் முழங்காலை ஊன்றி அழுத்துவதுபோல் இருந்தது. போன வாரம் செடி வரிசைக்கு நடுவே மயங்கி விழுந்தாள். தோட்டத்து டிஸ்பென்சரியில் இருமல் மருந்து கொடுத்தார்கள், இருமலே இல்லாத நெஞ்சுக்கு. மேட்டு வேலையிலிருந்து, கீழே நாற்று வளர்க்கும் நர்சரிக்கு மாற்றச் சொல்லிக் கேட்டால் கங்காணி சிரிப்பார். "நல்லா நடிக்கிறக்கா. சீரியல்ல சேந்துக்க."

ஆகவே ஒரு டாக்டர், ஒரே ஒரு டாக்டர், அவள் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்து, இது மெய்யான நோவுதான் என்று கங்காணி காதுபடச் சொல்ல வேண்டும். பஸ் நிறைய டாக்டர்கள் வந்து இறங்கியிருக்கும்போது சுளுக்கைக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போக அவளுக்கென்ன கிறுக்கா?

லைன் வீடுகளில் அடுத்த வீட்டுச் சுபத்ராவிடம் நெஞ்சுவலி என்று எழுதிய சிவப்பு அட்டை இருந்தது.

"மாத்திக்கலாம், குடு. நொண்டுறது உனக்கு நல்லா வரும்."

"எனக்கு எப்படிக்கா நொண்ட வரும்?"

"கல்யாணத்துல நீ ஆடுனதப் பாத்தேன் லா. குடு."

விசில் ஊதியதும் மாணவர்கள் சரிவில் ஓடிவந்தார்கள். குணவதியின் பக்கத்தில் வந்து மண்டியிட்டவள் பெயர் ரூபினி. பட்டணத்துப் பிள்ளை, தேயிலையைப் பெட்டியில் மட்டும் பார்த்து வளர்ந்தவள்.

"ஆன்டி, எங்க வலிக்குது?"

"இங்கதாம்மா. மேடு ஏறுனா மூச்சு அடைக்குது. போன வாரம் மயங்கி விழுந்துட்டேன்."

ரூபினியின் முகம் மலர்ந்தது. "சூப்பரா செய்றீங்க ஆன்டி! அட்டையில இவ்வளவு எழுதலயே!"

"அட்டைய விடும்மா. நெசமாத்தான் சொல்றேன்."

"அதேதான்! அப்படியே செய்ங்க."

பக்கத்துப் பிணங்கள் இரண்டு எழுந்து உட்கார்ந்து கைதட்டின. கங்காணி கண்ணைத் திறக்காமலே, "நான் அப்பவே சொன்னேன் லா," என்றார்.

வந்த ஆத்திரத்தில் குணவதிக்கு இன்னும் மூச்சு இரைத்தது. அவளுக்கு இரைக்க இரைக்க ரூபினிக்கு உற்சாகம் கூடியது. மருந்தின் பெயரை உரக்கச் சொன்னாள், ஊசியைக் காற்றில் போட்டாள், ஆக்சிஜனையும் காற்றிலேயே வைத்தாள். செய்தாயிற்று என்று வாயால் சொன்னாலே மார்க் விழுமாம். ஸ்டெதாஸ்கோப்பைக் கம்பளிச் சட்டைக்கு மேலே தொட்டும் தொடாமலும் காட்டிவிட்டு எடுக்கப்போனவளின் மணிக்கட்டைக் குணவதி எட்டிப் பிடித்தாள்.

"உள்ள வச்சுக் கேளுடி. இதுக்குத்தான படிக்கிற? கேளு!"

குழலைத் தானே இழுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். ரூபினி மிரண்டுபோய்க் கேட்டாள். இடம் மாற்றி மறுபடியும் கேட்டாள். சிரிப்பு முகத்தைவிட்டு இறங்கிவிட்டது. மார்க் போடுகிற டாக்டர் குகனேஸ்வரனைக் கை காட்டி அழைத்தாள்.

"டாக்டர், ஹார்ட்ல வேற ஒரு சத்தம் கேக்குது."

"இந்தக் கேஸ்ல அப்படி ஒண்ணும் கிடையாதே. இல்லாதத சொன்னா மார்க் போயிடும்."

"கேஸ்ல இல்ல டாக்டர். ஆன்டிகிட்ட இருக்கு."

டாக்டர் அலுப்போடு குனிந்து தம் குழலை வைத்தார். வைத்தவர் நிமிரவில்லை. பிறகு, மயங்கியது எங்கே, எப்படி, அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று குரலைத் தணித்துக் கேட்டார். குணவதி குரலைத் தணிக்காமல் சொன்னாள்.

"இதயத்துல வால்வு சுருங்கியிருக்கும்னு நெனைக்கிறேம்மா. இன்னைக்கே ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுக்கணும். இனிமே ஓர் அடிகூட மேடு ஏறக்கூடாது."

கைதட்டிய பிணங்கள் இரண்டும் எழுந்து நின்றுவிட்டன. குணவதிக்கோ பாயசம் குடித்தாற்போல் இருந்தது.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க டாக்டர். அந்தப் பொணத்துக்குக் கேக்கல."

கங்காணி எழுந்து உட்கார்ந்து, முதுகில் ஒட்டிய புல்லைத் தட்டினார். பாவனைக்காகக் கொண்டுவந்து நிறுத்தியிருந்த ஆம்புலன்ஸ் நிஜமானதுதான். ஆனால் அது மேலே ரோட்டில் நின்றது. ஸ்ட்ரெச்சரின் பின்பக்கத்தை மாணவர்கள் பிடித்தார்கள். முன்பக்கத்தை, கால் முறிந்திருந்த ஒருவனும் கங்காணியும் பிடித்தார்கள்.

பாதி மேட்டிலேயே கங்காணிக்கு நாக்கு தள்ளியது.

"கல்லு மாதிரி கனக்குறக்கா."

"அத விடு. ஆஸ்பத்திரியிலேருந்து வந்தா என்னைய எந்த வேலையில போடுவ?"

"நர்சரியில."

"முனகாத. நல்லாச் சொல்லு."

"நர்சரி! நர்சரி லா! போதுமா? பேசாம படு."

குணவதி தலையைத் திருப்பி, கூடவே ஏறிவந்த ரூபினியைப் பார்த்தாள். "கேட்டுக்கிட்டியாம்மா? நீதான் சாட்சி."

ரூபினி தலையாட்டினாள். அதற்குப் பிறகுதான் குணவதி அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, ஸ்கேன் எடுத்தால் வலிக்குமா என்று கேட்டாள்.