கதவுக்கு வெளியே ஒரு டிக்கெட்

...இல்லை, இது பைத்தியக்காரத்தனம் இல்லை, பைத்தியம் பிடிக்காமல் இருப்பதற்கான வேலை, கட்டிலிலிருந்து மேசை, மேசையிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து குளியலறை, திரும்பக் கட்டில், ஒரு ட்ரிப் முடிந்தது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சுவரெல்லாம் நெருங்கி வருகிற மாதிரி இருக்குமே, அந்த நேரத்துக்கென்றே இந்த ட்ரிப், "மேசை இறங்குறவங்கல்லாம் முன்னாடி வாங்க, ஏய் நாற்காலி, படியில தொங்காத, உள்ள போ!" என்று குரல் கொடுத்தால் சுவர் தானாகப் பின்வாங்கிவிடும், பஸ்ஸில் கண்டக்டராகவே காலம் தள்ளியவளின் குரல், இன்ஜின் சத்தத்தையே அடக்கிய குரல், இந்த நாலு சுவர் எம்மாத்திரம்? தொற்றுக் காய்ச்சல் என்று டாக்டர் சொன்னதுமே நானே இந்த அறைக்குள் வந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன், என் வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே இளைப்பு, இது அவர் நெஞ்சில் ஏறினால் தாங்குவாரா... அன்றைக்குக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு என்ன கிண்டல்! "கூட்டம் இல்லாம உனக்கு மூச்சே விட வராதே கண்டக்டரம்மா, நாளைக்கே கதவத் தட்டுவ பாரு." தட்டினேனா? கை தாழ்ப்பாள் வரைக்கும் போனது வாஸ்தவம், யாராவது வந்து காலை மிதித்தால்கூடப் போதும் என்று இருந்தது... ஆனால் திறக்கவில்லையே, தலையை வாரி, யூனிஃபார்மை மாட்டி, விசிலை எடுத்து ஒரு ஊது, வண்டி கிளம்பிவிட்டது. காய்ச்சல் இறங்கிவிட்டது, டாக்டர் வைத்த கெடு மட்டும்தான் பாக்கி, புத்தி கலங்காமல் கல்லு மாதிரி நிற்கிறது, எத்தனை பேருக்கு வரும் இந்தச் சாமர்த்தியம்?

"ஜன்னல், ஜன்னல்! ஜன்னல் இறங்கு!" என்கிறேன், கதவுக்கு வெளியே யாரோ தொண்டையைச் செருமுகிற சத்தம், யாரோ என்ன யாரோ, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்... "ஒரு டிக்கெட் குடுங்க." சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எங்க போகணும்?" என்றேன். "குளியலறை." "சில்லறை இருக்கா?" "இல்லீங்க." "அப்ப இறங்குங்க, காலங்காத்தால வந்துட்டீங்க!" "மத்தியானம்மா இது." "தைக்கிற வேலைய விட்டுட்டு இங்க என்ன பண்றீங்க?" "தினமும்தான் வந்து உக்காருறேன், இந்த ட்ரிப்ப விடுறதில்ல... நீ நாற்காலியத் திட்டுற மாதிரிதான் நானும் தையல் மெஷினத் திட்டுவேன், அதுக்குப் பேருகூட வெச்சிருக்கேன்." "என்ன பேரு?" "உன் பேருதான்." சிரித்துவிட்டேன், நல்லா சத்தமாக. "எப்பலேர்ந்து இந்தக் கூத்து?" என்றேன். "நீ மொதல் நாள் டூட்டிக்குப் போனியே... அன்னியிலேர்ந்து."

சிரிப்பு எங்கே போனது? பகலெல்லாம் பஸ்ஸில் ஊரே என்னோடு பேசும், தொண்டை வறண்டு வீடு திரும்புவேன், ஒரு வார்த்தை மிச்சமிருக்காது, இவர் தட்டை வைத்துவிட்டுப் பேசாமல் மெஷினுக்குப் போய்விடுவார், கடகடவென்று அது ஓடும், இவர் சுபாவமே அப்படி, பேச்சுப் பிடிக்காதவர் என்றல்லவா நினைத்தேன்... நானே போட்ட ரூட் என்று மார்தட்டிக்கொண்டிருந்தேனே, இதில் இந்த மனுஷன் எத்தனை காலமாகத் தனியாக வண்டி ஓட்டியிருக்கிறார், சுவர் நெருங்கி வந்த மதியங்களில் எதைச் சொல்லி விரட்டியிருப்பார், கதவு திறந்ததும் முதலில் அதைக் கேட்க வேண்டும், கேட்டால் சொல்வாரா, இல்லை, எனக்குத்தான் கேட்க வாய் வருமா... விசில் உதட்டிலேயே இருக்கிறது.

"என்னம்மா, வண்டி எடுக்கலையா?" என்கிறார் வெளியே.